சுவருக்குள் இருந்த கதிரை

பத்து மணி பதினேழு நிமிடம் என்று அவர் சொன்னார். படலையைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்ததும் காணிக்கந்தோர் அதிகாரி செய்த முதல் வேலை, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னதுதான். பின்னால் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்த கிளாக்கர் அதை எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்த நேரத்தை இன்னொருவர் எழுதி வைத்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. எங்கள் காணி கையை விட்டு நழுவத் தொடங்கிய நேரத்தைத்தான் அவர்கள் குறித்துக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா வயலில் நின்றார். வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அன்று பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரேயொரு வாத்தியார். அவர் ஊருக்குப் போயிருந்தார். ஊர் என்றால் யாழ்ப்பாணத்துப் பக்கம். கிளிநொச்சியிலிருந்து நாலு மைல்கட்டை உள்ளே, காடு வெட்டிய நிலத்தில், அரசாங்கம் கட்டித்தந்த ஒரே அச்சான வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அங்கே நெல் விதைத்தோம், மாடு வளர்த்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் ஒருவரும் அந்த இடத்தை ஊர் என்று சொன்னதில்லை. அது காணி. கலியாணம், சாவு, கோயில் கொடியேற்றம், பல்லுவலி எதுவென்றாலும் ஊருக்குப் போவோம். முடிந்ததும் காணிக்குத் திரும்பி வருவோம். வயல்வேலை இல்லாத மாதங்களில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும்.

அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. காணி தந்தது குடும்பத்தோடு அங்கேயே இருப்பதற்கு, இருக்காவிட்டால் காத்திருக்கிற வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சில வீடுகளில் அப்படிச் செய்தும் விட்டார்கள். யாரோ எங்களைப் பற்றியும் பெட்டிசம் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் குடும்பம் இல்லை, விதைக்கவும் வெட்டவும் மட்டும் ஆள் வந்துபோகிறது என்று. அதை விசாரிக்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

அதிகாரி வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கூட்டிய சீமெந்துத் தரை. சுற்றிவர வெள்ளைச் சுவர். ஒரு கதிரை இல்லை, மேசை இல்லை, கட்டில் இல்லை, சுருட்டி வைத்த பாய்கூட இல்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். குசினிக்குப் போய் அடுப்புச் சாம்பலைக் கைத்தடியால் கிளறினார். நானும் ஐயாவும் அன்று காலை பழஞ்சோறு சாப்பிட்டிருந்தோம். சாம்பல் ஆறிக் கிடந்தது.

அவர் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையையே சொன்னேன். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு சொல்லை மாற்றவும் எனக்குத் தெரியவில்லை.

"அம்மா எங்கை, பிள்ளை?"

"ஊருக்குப் போட்டா."

"எப்ப வருவா?"

"தம்பிக்குப் புடைப்பு வத்தினாப்போலை வருவா."

"அப்ப இது ஊரில்லையோ?"

"இல்லை. இது காணி."

கிளாக்கர் எழுதினார். அதிகாரிக்குக் கால் நொந்திருக்க வேண்டும். வந்தவர்கள் ஆறி இருக்க ஒரு கதிரைகூட இந்த வீட்டில் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, சுவருக்குள் இருக்கிறது என்றேன். மேசை? அதுவும் சுவருக்குள். உடுப்புகள்? மேலே. அதிகாரி என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பொய் சொல்லப் பழக்கிய பிள்ளையா, சுகமில்லாத பிள்ளையா என்று அவருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. பிறகு, நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். நான் கையை உயர்த்திக் கூரையைக் காட்டினேன்.

கிளாக்கர் எழுதுவதை நிறுத்தினார். "என்ன பிள்ளை, நீங்கள் வௌவாலோ?" என்றார்.

நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

இதை விளங்கப்படுத்துவதென்றால் ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐயா முன்பு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் மதகுக்கும் அணைக்கும் படம் கீறுகிறவராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் காணி எடுத்தார். வேலையை விட்டாரே தவிரப் படம் கீறுவதை விடவில்லை. பழைய படத்தாள்களின் பின்புறத்தில், முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, மேலேயிருந்து பார்த்தால் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று படம் கீறுவார். மண்வெட்டிக்குப் பிடி போடுவதற்கும் மூன்று படம். அந்த நேரத்தில் பிடியே போட்டு முடித்துவிடலாம் என்று அம்மா சொல்வதுண்டு.

காணிக்கு வந்த முதல் வருடம் அம்மாவின் சீதனப் பெட்டியைக் கறையான் தின்றது. வெளியே பார்க்கப் பெட்டி அப்படியேதான் இருந்தது. தீபாவளிக்குச் சேலை எடுக்க அம்மா மூடியைத் தூக்கியபோது மூடி மட்டும் கையில் வந்தது. உள்ளே கூறைச்சேலை இருந்த இடத்தில் ஈர மண். காடு வெட்டிய நிலம் அப்படித்தான், நாலைந்து வருடத்துக்குத் தரையில் எதை வைத்தாலும் கறையான் கேட்கும் என்று பக்கத்துக் காணிக்காரர்கள் சொன்னார்கள். அம்மா அழவில்லை. அந்த மண்ணைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு போய்க் கத்தரிக்கன்றுக்குப் போட்டார். அன்று பின்னேரம் ஐயா படத்தாளை விரித்து உட்கார்ந்தார். இந்த வீட்டில் இனி ஒரு சாமானின் காலும் தரையில் படாது என்று சொல்லிவிட்டுத்தான் பென்சிலைக் கூராக்கினார்.

அதன்பின் எங்கள் வீடு மாறத் தொடங்கியது. தேயிலைப் பெட்டிப் பலகையையும் முதிரைச் சட்டத்தையும் வைத்து ஐயா முதலில் கதிரை செய்தார். கால் இல்லாத கதிரை. சுவரில் இரண்டு கொளுக்கி, மேலே இரண்டு கயிறு. பலகையை விரித்தால் இருக்கலாம். மடித்தால் சுவரோடு சுவர். மேசை பிணைச்சலில் கீழே இறங்கும், சாப்பிட்டு முடிந்ததும் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கட்டிலின் நாலு மூலையிலும் கயிறு கட்டிக் கப்பியில் போட்டார். காலையில் இழுத்துவிட்டால் பாயும் தலையணையும் போர்வையும் அதன்மேலே கிடக்க, கட்டில் கூரைக்குக் கீழே போய்த் தளம் போல நிற்கும். உடுப்புப் பெட்டிக்கும் ஒரு கப்பி. மடித்த மேசையும் கதிரையும் கண்ணுக்குக் குறுக்கே தெரியக்கூடாது என்று அவற்றின் அடிப்பக்கத்துக்கும் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பையே பூசினார். இதில்தான் அவருக்குப் பெரிய பெருமை. வந்தவர்களை வாசலில் நிறுத்தி, கதிரை எங்கே சொல்லுங்கள் பார்ப்போம் என்பார். அவர்கள் முழிப்பார்கள். பிறகு ஒரு கொளுக்கியைத் தட்டுவார். சுவரிலிருந்து கதிரை விழும். அந்தக் கொளுக்கி எனக்கு எட்டாது, அதனால்தான் அன்று அதிகாரிக்குக் கதிரையை இறக்கிக் காட்ட முடியவில்லை.

அறுப்புக் காலத்தில் அது எவ்வளவு வசதி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மற்ற வீடுகளில் நெல்மூட்டை வந்ததும் கட்டில் முற்றத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் எல்லாம் மேலே போகும், மூட்டைகள் கீழே இருக்கும்.

அம்மா எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டார். கயிற்றுக் கதிரையில் இருந்து மரக்கறி வெட்டும்போது மட்டும் கால் பெருவிரலால் தரையைத் தொட்டபடி இருப்பார். ஒருமுறை, நாலு காலுள்ள கதிரை ஒன்று இருந்தால் நல்லது, ஒன்று போதும் என்று கேட்டதாக ஞாபகம். ஐயா அதற்கும் படம் கீறப் போனார். மூன்று நாளில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது.

கடைசியாக வந்ததுதான் தொட்டில். தம்பி பிறந்து ஏழெட்டு மாதம். அம்மா கிணற்றடிக்குப் போனால் அவன் கத்துவான். ஐயா யோசித்தார். தண்ணீர் அள்ளும்போது கிணற்றுத் துலா மரம் ஏறி இறங்குகிறதே, அந்த ஆட்டம் வீணாகத்தானே போகிறது? துலாவிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து, கப்பி வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து, தொட்டிலில் கட்டினார். அம்மா மெதுவாகத் தண்ணீர் அள்ள, உள்ளே தொட்டில் மெதுவாக ஆடியது. தம்பி நித்திரையானான். அது வேலை செய்தது. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அது பல நாள் நன்றாகவே வேலை செய்தது.

ஒருநாள் வயலில் வேலை செய்த ஆள் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் அள்ள வந்தார். கயிற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல திடமான மனிதர். துலாவைப் பிடித்து ஒரே இழுவை. தொட்டில் எழும்பிச் சுவரில் மோதியது. தம்பியின் நெற்றியில் கோழிமுட்டை அளவில் ஒரு புடைப்பு. ஐயா ஓடிவந்து அவனைத் தூக்கினார். அம்மா அவனை ஐயாவின் கையிலிருந்து வாங்கினார்.  மறுநாள் காலை, வைத்தியம் பார்க்கும் பரியாரியிடம் காட்ட வேண்டும் என்று தம்பியோடு ஊருக்குப் பஸ் ஏறினார். போகும்போது எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

வாரங்கள் போயின. வேறு பிள்ளைகளுக்கும் விழுந்து புடைத்ததை நான் கண்டிருக்கிறேன். இரண்டு நாளில் வற்றிவிடும். தம்பியின் புடைப்பு மட்டும் ஏன் இப்படி வற்றாமல் கிடக்கிறது என்று ஐயாவிடம் கேட்டேன். அது பெரிய புடைப்பு என்றார்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் என் மகன் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை கொண்டுவந்தான். நாளைய வீடு எப்படியிருக்கும் என்று பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள். சுவருக்குள் மடிகிற கட்டில், கதவிலிருந்து இறங்குகிற மேசை, தொங்குகிற கதிரை. அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். உன்னுடைய அம்மப்பா இதையெல்லாம் தேயிலைப் பெட்டியில் செய்தவர் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சஞ்சிகையை மூடி வைத்தேன். சண்டையால் இடம்பெயர்ந்து இப்போது நாங்கள் இருப்பது மூன்றாவது இரவல் வீடு. கதவுக்குப் பின்னால் இரண்டு பை எப்போதும் கட்டியே இருக்கிறது. வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் பிள்ளைகள் எங்கே என்று முதலில் எண்ணிப் பார்க்கிறேன். யார் என்ன கேட்டாலும், அம்மாவைக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்ல அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதைப் பகிடியாக எடுக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். சிரிக்கட்டும்.

அதிகாரி வந்த அன்று மத்தியானம் ஐயா வயலிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வௌவால் வரைக்கும் சொன்னேன். ஐயா சேற்றுக் காலோடு முற்றத்தில் நின்றபடியே கேட்டார். பிறகு கால் கழுவி, சேட்டுப் போட்டு, படத்தாள்களைச் சுருட்டி எடுத்து, என்னைச் சைக்கிளின் முன்சட்டத்தில் ஏற்றிக்கொண்டு கந்தோருக்கு மிதித்தார்.  படத்தாள் சுருள் என் மடியில் இருந்தது.

கந்தோரில் ஐயா படங்களை அதிகாரியின் மேசையில் விரித்தார். கதிரை மடியும் கோணம், கப்பியின் இடம், கயிறு தாங்கும் பாரம் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். முதலில் கிளாக்கர் மட்டும் எட்டிப் பார்த்தார். பிறகு மற்ற மேசைக்காரர்களும் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சுவர்மேசையின் படத்தை நெடுநேரம் பார்த்தார். தன் குவாட்டர்ஸ் சின்னது, இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். ஐயா மலர்ந்துபோனார். எத்தனை அடி, எந்தச் சுவர் என்று கேட்கத் தொடங்கினார். எங்கள் காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அதிகாரி படத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். "நான் சொல்லுறதைக் கோவியாமல் கேளுங்கோ. இது எல்லாம் நல்ல மூளை. ஆனால் நான் மேலிடத்துக்குச் சுவருக்குள்ளை கதிரை இருக்கெண்டு எழுதேலாது. வாற வெள்ளிக்கிழமை வருவன். வீடு வீடு மாதிரி இருக்கவேணும். வீட்டுக்காரியும் இருக்கவேணும்."

"அவா பிள்ளைக்குச் சுகமில்லையெண்டு போனவா, சேர்."

"அது எனக்குத் தெரியும். உங்கடை மகள் சொன்னவா."

ஐயா என்னைப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை. திரும்பி வரும்போது ஏற்றத்தில் இறங்கிச் சைக்கிளை உருட்டினார். நான் மட்டும் இருந்துகொண்டு வந்தேன்.

அம்மாவைக் கூட்டிவர ஐயா ஊருக்குப் போக முடியாது. அவர் போன நேரம் பார்த்து அவர்கள் வந்தால் வீட்டில் ஐயாவும் இல்லை என்றாகிவிடும். விறகு ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரான மீசாலைப் பக்கம் போகிற லொறிக்காரர் ஒருவர் எங்கள் திட்டத்துக்கு வந்துபோவார். ஐயா வாய்க்கால் கரையில் அவரை மறித்துச் சொல்லி அனுப்பினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தொடங்குவதும், நிறுத்துவதும், தலையைச் சொறிவதுமாக நின்றார். லொறிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பொறுமையாக இருந்தார்.

பக்கத்துக் காணி மாமிக்கு வேறொரு யோசனை இருந்தது. எங்கள் வீட்டுக் காரியம் அந்தத் திட்டம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. எங்கள் காணி போனால் அடுத்தது யாருடையது என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம். மாமி வேலியால் எட்டி ஐயாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் வந்து குசினிக்குள்ளை நிக்கிறன். முகம் காட்டமாட்டன். சட்டி பானையை உருட்டுறன், இடைக்கிடை இருமுறன். கந்தோர்க்காரருக்கு அது காணும்."

"உங்கடை இருமல் அந்த மனுசனுக்குத் தெரியும், அக்கா. போன மாதம் உங்கடை வீட்டிலையும் நிண்டு கேட்டவர்."

"அப்ப கொடியிலை என்ரை ரெண்டு சேலையைப் போட்டுவிடட்டே?"

ஐயா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஏன் மறுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. சேலை நல்ல சேலைகள்.

அடுத்த நாள் ஐயா வீட்டுக்குக் கால் வைக்கத் தொடங்கினார். காட்டில் தடி வெட்டி வந்தார். பச்சைத் தடி. பட்டை உரிக்கவும் நேரம் இல்லை. சுவரிலிருந்து கதிரைகளைக் கழற்றி, கயிற்றை அறுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு தடி அடித்தார். மேசைக்கும் அப்படியே. கட்டிலைக் கப்பியிலிருந்து இறக்கி மரக்குற்றிகளில் நிறுத்தினார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். இதற்கு அவர் படம் கீறவில்லை. அளவும் எடுக்கவில்லை. ஒரு கால் நீளம், ஒரு கால் கட்டை. நான் அதைச் சொன்னபோது, பரவாயில்லை பிள்ளை, எல்லார் வீட்டிலும் அப்படித்தான் ஆடும் என்றார்.

கட்டில் கீழே வந்தபின் அதில் படுத்துப் பார்த்தேன். கூரை வெகு உயரத்தில் இருந்தது. ஓட்டு இடுக்கால் வெயில் ஒரு கோடாக இறங்கியது. சுவரில் கொளுக்கிகளைப் பிடுங்கிய இடமெல்லாம் காரை பெயர்ந்து சிவப்பாக இருந்தது. வீடு நிறையச் சாமான் இருந்தும் வேறு யாரோ ஒருவருடைய வீட்டில் படுத்திருப்பது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரியும் கிளாக்கரும் வந்தார்கள். அதிகாரி உள்ளே வந்து சுற்றிப் பார்த்து, இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்றார். கதிரையில் இருந்தார். அது ஆடியது. கிளாக்கர் ஒரு தாளை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தார். ஐயா நின்றுகொண்டிருந்தார். மாமி பிளேன்ரீ போட்டு அனுப்பியிருந்தார். அதிகாரி ரீயைக் குடித்து முடித்தார். குடித்து முடித்த கோப்பையைக் கையில் வைத்தபடி, வீட்டுக்காரி எங்கே என்று கேட்டார். மத்தியான பஸ்ஸில் வருகிறார் என்று ஐயா சொன்னார். அப்படி ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. எனக்கு அது தெரியும். அதனால் அவர் சொல்வதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. இருந்து பார்ப்போம் என்றார்.  கிளாக்கர் சுவரில் இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவின் கை, மேசையின் விளிம்பைத் தடவித் தடவி ஒரு சிராம்பைத் தேடிப் பிடித்து, அதை உரித்துக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. வாய்க்கால் கரையில் அது நிற்பது எங்கள் முற்றத்திலிருந்து தெரியும். நான் படலைக்கு ஓடினேன். ஒருவர் இறங்கினார். பையும் குடையுமாக எங்கள் வாத்தியார் இறங்கினார். என்னைக் கண்டு, பள்ளிக்கூடம் திங்கட்கிழமை என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டிவிட்டுப் போனார். பஸ் போய்விட்டது.

நான் தனியாகத் திரும்பி வந்தேன்.  அதிகாரி எழும்பித் தொப்பியை எடுத்தார். கிளாக்கர் பேனை மூடியைக் கழற்றினார். ஐயா அதிகாரியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அதை விட்டுவிட்டு, உங்கடை குவாட்டர்ஸ் மேசைக்கு அளவு இன்னும் தரவில்லையே என்றார். அதிகாரி தரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் லொறிச் சத்தம் கேட்டது. விறகு ஏற்ற வருகிற வெறும் லொறி. அது எங்கள் படலையில் நின்றது. முன் ஆசனத்திலிருந்து முதலில் ஒரு பனையோலைப் பெட்டி இறங்கியது, பிறகு ஒரு சாக்கு, பிறகு தம்பியை இடுப்பில் வைத்தபடி அம்மா. தம்பியின் நெற்றியில் புடைப்பு இருந்த இடமே தெரியவில்லை. வழிநெடுக லொறிக்காரர் அம்மாவிடம் என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார், வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா, இதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது. 

வாசலுக்கு வந்த அம்மா அப்படியே நின்றார். அவருடைய கண் மேசையின் காலில் இருந்து கதிரையின் காலுக்கும், கதிரையின் காலில் இருந்து கட்டிலுக்கும் போனது. சுவரில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். தொப்பியும் கையுமாக நின்ற அதிகாரியை அவர் கண்டதாகவே தெரியவில்லை. தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"ஆர் என்ரை வீட்டை இப்பிடி ஆக்கி வைச்சது? எல்லாத்தையும் மேலை தூக்குங்கோ. நான் கூட்டவேணும்."

அதிகாரி தான் இருந்த கதிரையைத் தானே தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிளாக்கர் எங்களுக்கு எதிராக ஒன்றும் எழுதாமல் பேனையை மூடினார். ஐயா சுத்தியலைத் தேடுகிறவர் போல வெளியே போனார். போனவர் கிணற்றடியில் நின்று முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வந்ததும் வராததுமாக அம்மா சண்டை தொடங்கிவிட்டார், திரும்பவும் பஸ் ஏறிவிடுவார் என்று பயந்து, நான் தம்பியையும் தூக்கிக்கொண்டு விளக்குமாறு எடுக்க ஓடினேன்.